கடையில் யாரும் அட்மின் இல்லை: ஸ்டாண்டர்ட் கணக்கோடு இரண்டு வருஷம்

விலை பூஜ்யம். டெலிவரிக்குக் காத்திருக்க வேண்டாம், ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் இருக்கிறது. விண்டோஸில் இருக்கும் ஸ்டாண்டர்ட் யூசர் கணக்கைத்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டரையே மாற்றி அமைக்கும் முழு அதிகாரம் உள்ளது அட்மின் கணக்கு, அந்த அதிகாரம் இல்லாத சாதாக் கணக்கு இது. இரண்டு வருஷமாகக் கடையிலும் வீட்டிலும் அதை மட்டுமே ஓட்டிப் பார்த்துவிட்டேன். நல்லதும் பார்த்தேன், தலையில் கைவைத்து உட்கார்ந்த நாட்களும் உண்டு, இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில்தான் ஜெராக்ஸ், உள்ளே நடப்பது ஆன்லைன் விண்ணப்பம், ஹால் டிக்கெட் பிரிண்ட், தமிழ் டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, வாடகை ஒப்பந்தம், அப்புறம் வாசலில் வந்து நிற்பவர் என்ன கேட்கிறாரோ அது. நான்கு கம்ப்யூட்டர். மூன்றில் விண்டோஸ், பழையது ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற வேறொரு ஓ.எஸ். நான் வெளியே போகிற நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ள ஒரு தங்கச்சி இருக்கிறாள். படு சூட்டிகை, என்னைவிட வேகமாக டைப் அடிப்பாள். இந்தக் கதை அவளிடமிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் தப்பு என்னுடையது.

ஒருநாள் யாரோ ஒரு பிடிஎஃப்பைக் கொண்டுவந்து இதை வேர்டில் மாற்றிக் கொடுங்கள் என்றிருக்கிறார். இவள் தேடியிருக்கிறாள். முதலில் வந்த விளம்பரத்தில் பச்சைக் கலரில் பெரிய டவுன்லோடு பட்டன், அழுத்தியிருக்கிறாள், திரை மங்கி நடுவில் ஒரு பெட்டி வந்திருக்கிறது, யெஸ் கொடுத்திருக்கிறாள். கொடுக்காமல் என்ன செய்வாள்? எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரைத் திறந்தால் அந்தப் பெட்டி வரும், ஸ்கேனர் புரோகிராமைத் திறந்தால் வரும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை யெஸ் யெஸ் என்று அழுத்தப் பழக்கியதே நான்தான். மறுநாள் காலையில் பிரவுசரின் முகப்பு வேறு எதுவாகவோ மாறியிருந்தது, தேடினால் வேறு எங்கேயோ போகிறது, தேர்வுக் கட்டணம் கட்டும் பக்கத்தின் நடுவில் விளம்பரம் குதிக்கிறது, எதிரே ஆறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், அன்றைக்கு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து ஃபார்மட் அடித்தேன். ஓ.எஸ். போட்டு, பிரிண்டர் டிரைவர் போட்டு, தமிழ் ஃபான்ட் நூற்றுச்சொச்சத்தை ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்கும்போது ராத்திரி பதினொன்று.

அந்த ராத்திரியிலேயே முடிவு பண்ணினேன், இனிமேல் இந்தக் கடையில் தினசரி வேலைக்கு யாரும் அட்மின் இல்லை, நான் உட்பட.

அட்மின் என்றால் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. விண்டோஸ் 98 காலத்தில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் கேன்சல் அழுத்தினாலே உள்ளே போய்விடலாம், அதை வைத்து ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் ஹீரோவாகத் திரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். 2001இல் எக்ஸ்பி வந்தபோது உள்ளுக்குள் அதிகாரப் பிரிவினை ஒழுங்காகவே இருந்தது, ஆனால் ஓ.எஸ். போடும்போது நாம் உருவாக்கும் கணக்கெல்லாம் அட்மினாகவே பிறந்தது. விளைவு என்னவென்றால், நீங்கள் திறக்கிற எந்த ஃபைலும், பென் டிரைவிலிருந்து தானாக ஓடும் எந்தக் குப்பையும், உங்களுக்கு இருக்கிற முழு அதிகாரத்தோடு ஓடும். ஃபோல்டர் படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் 'நியூ ஃபோல்டர்' வைரஸ் ஞாபகம் இருக்கிறதா? பிரவுசிங் சென்டர் நடத்தியவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் பல்லைக் கடிப்பார்கள்.

2007 தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில்தான் இந்த மங்கும் திரையும் பெட்டியும் வந்தன. யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக யு.ஏ.சி. என்று பெயர். உலகமே திட்டியது. அடுத்த வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்.எஸ்.ஏ. என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ் என்பவர், பயனர்களுக்கு எரிச்சல் வரட்டும் என்றுதான் அதை வைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். காரணம் இருந்தது. தேவையே இல்லாமல் அட்மின் அதிகாரம் கேட்கும் சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களை, அவர்களுடைய வாடிக்கையாளர்களின் எரிச்சல் வழியாகத் திருத்துவது. பெரிய கம்பெனிகள் திருந்தின. நம் ஊர் பில்லிங் சாஃப்ட்வேர்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் ஸ்டாண்டர்ட் கணக்கின் அருமை புரியும். அட்மின் கணக்கில் நீங்கள் நுழைந்ததும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு சீட்டு எழுதி வைக்கிறது. ஒன்றில் முழு அதிகாரம், இன்னொன்று அதிகாரங்களை உருவிவிட்ட சாதாச் சீட்டு. பிரவுசர், வேர்டு எல்லாம் சாதாச் சீட்டில்தான் ஓடும். ஏதாவது ஒரு புரோகிராம் முழு அதிகாரம் வேண்டும் என்று கேட்டால் பெட்டி வருகிறது, யெஸ் அழுத்தினால் பெரிய சீட்டு கைமாறுகிறது. அவ்வளவுதான். பெரிய சீட்டு உங்கள் சட்டைப் பையிலேயேதான் இருக்கிறது. ஸ்டாண்டர்ட் கணக்கில் அந்தப் பெரிய சீட்டே கிடையாது. பெட்டி வரும், ஆனால் யெஸ்ஸுக்குப் பக்கத்தில் வேறொரு அட்மினின் பாஸ்வேர்டைக் கேட்கும்.

சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். இரண்டு வருஷத்தில் நான் கண்டது, எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. யெஸ் பட்டனை விரல் தானாக அழுத்திவிடும், மூளைக்குத் தகவலே போகாது. பாஸ்வேர்டு அடிக்க வேண்டும் என்றால் கை நிற்கிறது. அதிலும் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் டீக்கடையில் இருக்கிறான் என்றால் இன்னும் நன்றாகவே நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, இது கொஞ்சம் உள்விவகாரம். விஸ்டாவுக்கு விழுந்த திட்டைத் தாங்க முடியாமல் 2009இல் வந்த விண்டோஸ் 7இல் பெட்டி வருவதைக் குறைத்தார்கள். மைக்ரோசாஃப்டின் சொந்தப் புரோகிராம்கள் சில கேட்காமலே பெரிய சீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கேட்காமல் உள்ளே போகிறவன் பின்னால் ஒட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் போகலாம் இல்லையா? 2016இல் விண்டோஸில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவர் என்கிற சாதுவான புரோகிராமை வைத்தே அதைச் செய்து காட்டினார்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், சாதா ஆளும் எழுதக்கூடிய பகுதியில், ஒரு வரியை மாற்றி வைத்தால் போதும், பெட்டியே வராமல் வேண்டாத புரோகிராமுக்கு அட்மின் அதிகாரம் போய்விடும். இந்தப் பெட்டி ஒரு பாதுகாப்பு எல்லைச் சுவர் அல்ல, வசதிக்காக வைத்தது என்பதுதான் மைக்ரோசாஃப்ட் திரும்பத் திரும்பச் சொல்லி வந்த பதில். ஸ்டாண்டர்ட் கணக்கில் இந்த வித்தை பலிக்காது. பையில் பெரிய சீட்டு இருந்தால்தானே உருவ முடியும்.

சரி, மாற்றுவது எப்படி? செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய்ப் புதிதாக ஒரு கணக்கு உருவாக்கி அதை அட்மின் ஆக்குங்கள், நல்ல பாஸ்வேர்டு போடுங்கள், அந்தக் கணக்கில் ஒருமுறை உள்ளே போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அங்கிருந்தபடியே உங்கள் பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்குங்கள். இந்த வரிசை முக்கியம். பழைய கணக்கை இறக்குவதால் உங்கள் டெஸ்க்டாப், ஃபைல், பிரவுசரில் சேமித்தவை எதுவும் போகாது. பத்து நிமிஷ வேலை. புதிய அட்மின் கணக்குக்கு நான் 'மாடி' என்று பெயர் வைத்தேன். எப்போதாவது ஏறிப்போக வேண்டிய இடம்.

முதல் வாரம் நோட்டுப் போட்டு எண்ணினேன், பாஸ்வேர்டு கேட்டது 23 தடவை. அதில் பில்லிங் மட்டும் பதினான்கு. இரண்டாவது மாதத்தில் வாரத்துக்கு மூன்றோ நான்கோ என்று இறங்கிவிட்டது. இறங்கியது தானாக இல்லை, அந்தப் பில்லிங்கோடு நடத்திய யுத்தத்தால்.

அந்தக் கதை இதுதான். சாஃப்ட்வேர் பழசு, கம்பெனி பெயர் வேண்டாம். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் தன்னை நிறுவிக்கொண்டு, அன்றாடப் பில் கணக்கையும் அதே ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். சாதாக் கணக்கு அந்த ஃபோல்டருக்குள் எழுத முடியாது. முதலில் ஒவ்வொரு தடவையும் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்து நான் பாஸ்வேர்டு அடித்துத் திறந்து கொடுத்தேன். அப்புறம் ஒருநாள் தங்கச்சி, அப்படிக் கொடுக்காமல் சும்மா இரட்டைக் கிளிக் பண்ணிப் பார்த்திருக்கிறாள், திறந்துவிட்டது, பில்லும் விழுகிறது, எனக்கும் சந்தோஷம். மூன்று வாரம் இப்படியே ஓடியது. மாதக் கடைசியில் நான் என் அட்மின் கணக்கிலிருந்து திறந்து மொத்தக் கணக்குப் பார்த்தால், மூன்று வாரப் பில் ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த மாதிரி. அவள் பக்கம் போய்த் திறந்தால் எல்லாம் இருக்கிறது. என் பக்கம் வந்தால் இல்லை. வயிற்றைக் கலக்கிவிட்டது.

நடந்தது என்னவென்றால், பழைய 32 பிட் புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் ஒரு கண்கட்டு வித்தை செய்கிறது. சாதாக் கணக்கில் ஓடும் அந்த மாதிரிப் புரோகிராம், எழுதக் கூடாத இடத்தில் எழுதப் பார்த்தால், சரி எழுதிக்கோ என்று சொல்லிவிட்டு, அதை அந்தப் பயனருடைய ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்தில் தனிப் பிரதியாக வைத்துவிடும். புரோகிராமுக்குத் தெரியாது. அட்மின் அதிகாரத்தோடு ஓடும்போது இந்த வித்தை கிடையாது, அசல் ஃபைல்தான் திறக்கும். ஆக என் கடைக்கு மூன்று வாரமாக இரண்டு பேரேடு. ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் தேடினாலும் லேசில் கண்ணில் படாது. கிடைத்த அன்றைக்குத் தங்கச்சிக்கு டீயோடு பப்ஸும் வாங்கிக் கொடுத்தேன், பாவம் அவள் என்னமோ தான்தான் அழித்துவிட்டதாக நினைத்து முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டேன். அவர் சொன்ன வைத்தியம்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எல்லா யூசரையும் அட்மினா மாத்திடுங்க, யு.ஏ.சி.ய ஆஃப் பண்ணிடுங்க, பிரச்சனையே வராது." பூட்டு சிக்குகிறது என்று சொன்னால் கதவையே கழற்றச் சொல்கிற ஆசாரி. இதைத்தான் வேறு வழி கண்டுபிடித்தார்கள் என்று மேலே சொன்னேன்.

உண்மையான வைத்தியம் மூன்று நிமிஷம்தான் ஆனது. சாஃப்ட்வேரை அங்கிருந்து நீக்கிவிட்டு, சி டிரைவின் முதல் மட்டத்தில் 'பில்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் நிறுவினேன். அப்படி உருவாக்கும் ஃபோல்டரில் எல்லாக் கணக்கும் எழுதலாம், அது விண்டோஸின் வழக்கமான அமைப்பு. பெட்டியும் வரவில்லை, பாஸ்வேர்டும் கேட்கவில்லை, பேரேடும் ஒன்றாகிவிட்டது. உங்கள் கடையிலும் 'அட்மின் இல்லாமல் ஓடாது' என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இதே விஷயம் மறுபக்கமும் வெட்டும். டி டிரைவில் போட்டால் பத்திரம் என்று நம்மில் எல்லோரும் நினைக்கிறோம். ஓ.எஸ். போனாலும் டி இருக்கும் என்ற அளவில் சரி. ஆனால் டி டிரைவில் நீங்கள் போடுகிற ஃபைலை அந்தக் கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம், நீங்களாக அனுமதியை மாற்றாதவரை. வாடிக்கையாளர்களின் ஆதார் ஸ்கேன், பத்திர நகல் எல்லாம் வருஷக்கணக்கில் டி டிரைவில் கிடந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது அவை என் கணக்கின் டாகுமென்ட்ஸ் ஃபோல்டருக்குள். ஸ்டாண்டர்ட் கணக்கில் உள்ள இன்னொருவர் அதைத் திறக்கப் பார்த்தால் அனுமதி இல்லை என்று வந்துவிடும். வேலை முடிந்ததும் அழித்துவிடுவது இன்னும் உத்தமம், அதையும் இப்போது செய்கிறோம்.

தமிழ் டைப்பிங் பண்ணுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரை அட்மினாகத் திறந்தால் தமிழ் விழவில்லை, ஆங்கிலம்தான் விழுகிறது, நோட்பேடில் மட்டும் தமிழ் வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நிறைய. ஃபான்ட் மேல் பழி போடுவார்கள், கீபோர்டு மேல் பழி போடுவார்கள். விஷயம் வேறு. விஸ்டாவிலிருந்தே, சாதா அதிகாரத்தில் ஓடும் புரோகிராம், அட்மின் அதிகாரத்தில் ஓடும் ஜன்னலுக்குள் விசை அனுப்ப முடியாது என்று தடுத்து வைத்திருக்கிறார்கள். கெட்ட புரோகிராம் ஒன்று அட்மின் ஜன்னலில் தானே டைப் அடித்து வேலை செய்துவிடக் கூடாது என்பதற்காக. நம் தமிழ் டைப்பிங் புரோகிராம் கீழ் மாடியில் இருந்தபடி விசையைப் பிடித்து மாற்றித் தருகிறது, மேல் மாடி ஜன்னலுக்கு அது எட்டாது. இரண்டையும் ஒரே மட்டத்தில் ஓட்டினால் தமிழ் விழும். வடிவமைப்பு சாஃப்ட்வேரை அட்மின் இல்லாமல் ஓட வைத்த அன்றிலிருந்து எனக்கு இந்தத் தொல்லை போனது.

ஃபான்ட்டுக்கும் முன்பெல்லாம் அட்மின் வேண்டும். 2018 வாக்கில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து சாதாக் கணக்கிலேயே தனக்கு மட்டும் என்று ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அப்படி ஏற்றிய ஃபான்ட் சில பழைய சாஃப்ட்வேர் கண்ணில் படாது. பத்திரிகை டிசைனுக்கான ஃபான்ட்டை எப்போதும் கேடயச் சின்னம் போட்ட 'எல்லோருக்கும் நிறுவு' வழியில், பாஸ்வேர்டு அடித்தே ஏற்றுகிறேன்.

பிரிண்டர் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்று ஒரு ஓட்டை வெளியே வந்தது, பிரிண்டர் டிரைவர் போடுகிற சாக்கில் கம்ப்யூட்டரையே கைப்பற்றலாம். அடுத்த மாதம் வந்த அப்டேட்டுக்குப் பிறகு பிரிண்டர் டிரைவர் ஏற்ற அட்மின் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இது தினசரித் தலைவலி மாதிரித் தோன்றும், ஆனால் பிரிண்டரைத் தினமுமா மாற்றுகிறோம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே மூச்சில் ஏற்றி வைத்துவிட்டேன், முடிந்தது.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், இதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டாண்டர்ட் கணக்கு காப்பாற்றுவது கம்ப்யூட்டரை. உங்கள் ஃபைல்களை இல்லை. உங்கள் கணக்கில் ஓடும் எந்தப் புரோகிராமும் உங்கள் டாகுமென்ட்ஸைப் படிக்கலாம், பூட்டிப் பணம் கேட்கலாம், பிரவுசரில் நீங்கள் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளலாம், அதற்கெல்லாம் அட்மின் வேண்டியதே இல்லை. அன்றைக்கு வந்த விளம்பரக் குப்பைகூட, கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தால், அவள் கணக்கு அளவில் நுழைந்துதான் இருக்கும். வித்தியாசம், அந்த ஒரு கணக்கை அழித்துப் புதிதாகப் போட்டால் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகாது. பேக்கப் தனியாக வேண்டும், ஒரு வெளி ஹார்டு டிஸ்க் எப்போதும் கழற்றியே இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது.

ஓ.எஸ்.ஸிலேயே ஓட்டை இருந்தால் எந்தக் கணக்கும் உதவாது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை பரவியதே, அது யாருடைய யெஸ்ஸுக்கும் காத்திருக்கவில்லை, நெட்வொர்க் வழியாக நேராக உள்ளே வந்தது. அதற்கான மருந்து இரண்டு மாதம் முன்னாலேயே மார்ச்சில் வந்துவிட்டது, அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். டேட்டா தீர்ந்துவிடும் என்று அப்டேட்டை ஆஃப் பண்ணி வைத்திருக்கிற கடைக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்புறம், ஸ்டாண்டர்ட் என்றால் புதிதாக எதுவும் நிறுவ முடியாது என்று நினைத்தால் அதுவும் தப்பு. அட்மின் கிடைக்காவிட்டால் குரோம் பயனருடைய சொந்த ஃபோல்டரிலேயே தன்னை நிறுவிக்கொள்ளும், ஜூமும் அப்படிப் போகும். வீட்டு லேப்டாப்பில் என் பையனுக்கு ஸ்டாண்டர்ட் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன், ஒரு வாரத்தில் ரோப்ளாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. "அதுக்கு பாஸ்வேர்டே கேக்கலப்பா" என்றான். சரிதான், கேட்காது.

லினக்ஸ் மின்ட் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். அங்கே இந்தப் பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது. ஒரு வேலைக்கு மட்டும் அட்மின் அதிகாரம் வாங்கித் தரும் சுடோ என்கிற கட்டளை 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது, நமக்கெல்லாம் விண்டோஸ் என்ற பெயரே தெரியாத காலம். 2004இல் உபுண்டு என்கிற லினக்ஸ் வந்தபோதே ரூட் என்கிற முழு அதிகாரக் கணக்கைப் பூட்டி வைத்துவிட்டு சுடோவைத்தான் கொடுத்தது. புரோகிராம் எழுதுபவர்களும் அதற்கேற்ப எழுதியதால், தேவையில்லாமல் பாஸ்வேர்டு கேட்கும் சாஃப்ட்வேர் அங்கே அபூர்வம். கடைக் கணக்குக்கு சுடோ அனுமதியே கொடுக்கவில்லை, இரண்டு வருஷத்தில் ஒரு புகார் இல்லை. அதற்காக அது இரும்புக் கோட்டை என்றும் சொல்ல மாட்டேன். 2021 ஜனவரியில் சுடோவிலேயே ஒரு ஓட்டையைக் குவாலிஸ் என்கிற பாதுகாப்பு நிறுவனத்தார் கண்டுபிடித்தார்கள், சுடோ அனுமதி இல்லாத சாதாக் கணக்கும் ரூட் ஆகிவிடலாம், அது 2011இலிருந்தே கிட்டத்தட்ட பத்து வருஷமாக உள்ளே உட்கார்ந்திருந்தது. மின்ட்டில் பாஸ்வேர்டு அடிக்கும்போது நட்சத்திரப் புள்ளி தெரியும், பலருக்கு அது பிடிக்கும், எனக்கும்தான்; அந்தப் புள்ளி காட்டும் வசதியிலேயே ஒரு ஓட்டை இருந்து 2020இல் அடைத்தார்கள். மேக் மட்டும் ஒழுங்கா என்றால், 2017 நவம்பரில் ஹை சியரா என்கிற மேக் பதிப்பில் பயனர் பெயரில் ரூட் என்று போட்டு, பாஸ்வேர்டைக் காலியாக விட்டு, இரண்டு மூன்று தடவை அழுத்தினால் முழு அதிகாரம் கிடைத்தது. மறுநாளே சரிசெய்தார்கள் என்றாலும், அந்த ஒருநாள் ஆப்பிள்காரர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11க்கு அட்மினிஸ்ட்ரேட்டர் புரொடெக்‌ஷன் என்று ஒன்றை அறிவித்தது. பெரிய சீட்டைப் பையிலேயே வைத்திருக்காமல், கேட்கும்போது மட்டும் மறைவான தனிக் கணக்கு ஒன்றின் பெயரில் எழுதிக் கொடுத்து, வேலை முடிந்ததும் கிழித்துப் போடுவது. கைரேகையோ பின் நம்பரோ கேட்கும். நான் மாடி, கீழ் வீடு என்று கையால் பிரித்து வைத்ததை அவர்களே உள்ளுக்குள் செய்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனாலும் கடைக் கம்ப்யூட்டரில் பின் நம்பர் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் என்ன பயன். பாஸ்வேர்டு தெரிந்த ஆள் வேறாக இருப்பதுதான் எனக்கு வேலை செய்தது.

அதுதான் பெரிய தொல்லையும். சர்வீஸுக்கு வந்த தம்பி பாஸ்வேர்டு கேட்டான், நானே அடித்துத் தருகிறேன் என்றதும் முகம் சுண்டிப்போனது. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன். ஒருமுறை பழனி அடிவாரத்தில் இருக்கும்போது போன். அவசரம் என்று போனிலேயே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு, ராத்திரி வந்து மாற்றியிருக்கிறேன், இரண்டு தடவை. இதையெல்லாம் தாங்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், வந்தால் ஒரு மாதத்தில் பாஸ்வேர்டு மானிட்டரில் மஞ்சள் சீட்டில் ஒட்டப்பட்டிருக்கும்.

அதற்கு நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். விண்டோஸ் காட்டும் அந்தப் பெட்டியின் தலைப்பகுதிக்குக் கலர் உண்டு. யார் எழுதியது என்று கையெழுத்தோடு இருக்கும் புரோகிராம் என்றால் நீலம், வெளியிட்டவர் யாரென்றே தெரியாவிட்டால் மஞ்சள். போன் வந்ததும் என் முதல் கேள்வி, மஞ்சளா நீலமா? மஞ்சள் என்றால் நோ அழுத்து, நான் வந்து பார்க்கிறேன். நீலம் என்றால் பெயரைப் படி. ஏனென்றால் நீலத்தை மட்டும் நம்பவும் முடியாது, 2010இல் வெளியே வந்த ஸ்டக்ஸ்நெட் என்கிற வைரஸ், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற நிஜக் கம்பெனிகளிடமிருந்து திருடிய கையெழுத்தோடுதான் வந்தது. அது நம் கடைக்கு வராது, தெரியும். இருந்தாலும் பெயரைப் படிக்கிற பழக்கம் நல்லது என்று சொல்லி வைத்தேன். ஆரம்பத்தில் அவளுக்கு இது என்னுடைய கிறுக்குத்தனம் என்றுதான் நினைப்பு, சிரித்துக்கொண்டே கலர் சொல்லுவாள்.

போன வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், போன்.

"அண்ணே, பில்லிங் அப்டேட்டுன்னு ஒருத்தர் வாட்ஸப்ல லிங்க் அனுப்புனாரு, பெட்டி வருது."

"மஞ்சளா நீலமா?"

"நீலம்தான்ணே. ஆனா பேரு நம்ம பில்லிங் கம்பெனி பேரு இல்லையே. நோ குடுத்துட்டேன். சும்மா உங்ககிட்ட சொல்லலாம்னுதான் பண்ணேன்."